ஷெரிப்பா, காவல் துறையா?
அமெரிக்க மாவட்டங்களின் வாக்கெடுப்பு வரலாறு

ஊரைக் காக்கும் ஆயுதம் எவர் கையில் இருக்க வேண்டும் என்பது ஆட்சிமுறை தோன்றிய நாள் தொட்டு எழுந்து வரும் வினா. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமை எவருக்கு உண்டு என்பது அதனினும் கடினமான வினா. இவ்விரண்டையும் பொதுமக்களின் வாக்குப்பெட்டிக்கே கொண்டு சென்ற நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே ஒரு மாவட்டத்தின் காவல் பணியை அரசு நியமித்த போலீஸ் தலைவர் நடத்துவதா, மக்கள் தேர்ந்தெடுத்த ஷெரிப் நடத்துவதா என்பது பல இடங்களில் வாக்கெடுப்பால் முடிவாகியிருக்கிறது. முடிவான பின்னும் அது மீண்டும் மீண்டும் கிளறப்பட்டிருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் மயாமி-டேட் மாவட்டத்தில் ரோசி கோர்டெரோ-ஸ்டட்ஸ் என்னும் அம்மையார் ஷெரிப்பாகப் பதவியேற்றார். அன்றோடு மயாமி-டேட் போலீஸ் துறை என்ற பெயர் மறைந்து, மயாமி-டேட் ஷெரிப் அலுவலகம் என்ற பெயர் வந்தது. இருபத்தேழு இலட்சம் மக்கள் வாழும் அம்மாவட்டத்தில், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஷெரிப் பதவியை அதற்கு 58 ஆண்டுகள் முன்னர் அம்மக்களே ஒழித்திருந்தனர். அவர்கள் ஒழித்தது ஏன்? அது திரும்பி வந்தது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடின், தேர்தல் என்னும் கருவியின் வலிமையும் அதன் எல்லையும் ஒருங்கே புலனாகும்.

பெயரும் பிறப்பும்

ஷெரிப் என்னும் சொல் இங்கிலாந்தில் பிறந்தது. ‘ஷயர்’ என்பது மாவட்டம். ‘ரீவ்’ என்பது அலுவலன். இரண்டும் சேர்ந்து மருவியதே ஷெரிப். மன்னனுக்காக மாவட்டத்தில் வரி தண்டுவதும், குற்றவாளியைப் பிடிப்பதும், நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுவதும் அவன் பணிகள். அவன் மன்னனின் கை. அந்தக் கை அளவு மீறியதால்தான் 1215ஆம் ஆண்டின் மகா சாசனத்தில் ஷெரிப்புகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் பல இடம்பெற்றன.

ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடமெல்லாம் இப்பெயரும் பரவியது. சென்னையில் 1726ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி மேயர் நீதிமன்றம் அமைந்தபோது ஷெரிப் பதவியும் ஏற்பட்டது. நாளடைவில் அது நகரப் பெருமக்களுக்கு வழங்கப்படும் கௌரவப் பதவியாயிற்று. சிங்கப்பூரில் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றி உடைமைகளைக் கைப்பற்றும் அலுவலருக்கு ஷெரிப் என்றே பெயர். எனவே தமிழ் வாசகருக்கு இச்சொல் புதிதன்று. ஆயினும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இல்லாத ஒரு தன்மை அமெரிக்க ஷெரிப்புக்கு உண்டு. அவர் மக்கள் வாக்கினால் பதவிக்கு வருபவர்.

கடல் கடந்து சென்ற குடியேறிகள் பதவியைக் கொண்டு சென்றார்கள். மன்னனைக் கொண்டு செல்லவில்லை. மன்னன் இருந்த இடத்தில் மக்களை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாநிலம் மாநிலமாக அரசமைப்புச் சட்டங்கள் எழுதப்பட்டபோது, ஷெரிப்பை மாவட்ட மக்களே தேர்ந்தெடுக்கும் முறை பரவிற்று. இன்று ஏறத்தாழ 3,000 ஷெரிப்புகள் அந்நாட்டில் உள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தேர்தல் வழியாக வந்தவர்களே.

மாவட்டப் போலீஸ் என்பது வேறு. மாவட்டத்தை ஆளும் ஆணையர் குழுவோ, மேயரோ, நிர்வாகியோ அதன் தலைவரை நியமிப்பர், வேண்டாதபோது நீக்குவர். ஷெரிப்பை அவ்வாறு நீக்க அவர்களுக்கு இயலாது. அவருக்கு ஆகும் செலவை அவர்கள் குறைக்கலாம், கூட்டலாம்; கட்டளையிட முடியாது. வேறுபாடு முழுவதும் இவ்வொரு புள்ளியில் அடங்கும்.

வாக்கு இல்லாதார்க்கு ஷெரிப் யார்?

தேர்ந்தெடுக்கப்பட்டவர் மக்களுக்கு அஞ்சி நடப்பார் என்பது ஷெரிப் முறையின் அடிப்படை நம்பிக்கை. ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் எவரெவர் அடங்குவர் என்பதைப் பொறுத்தே அந்நம்பிக்கை மெய்யாகும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் எழுந்த 1868ஆம் ஆண்டுப் புளோரிடா அரசமைப்பில், மாவட்ட அலுவலரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது. 1885ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பு ஷெரிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாவட்டத்திற்குத் தந்தது. கேட்பதற்கு இனிய மாற்றந்தான். ஆனால் அதே அரசமைப்பு வாக்களிப்போர் மீது தலைவரி விதிக்கவும் இடங்கொடுத்தது. வரி கட்ட இயலாத ஏழைகள், அவர்களிலும் கறுப்பின மக்கள், வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர். அவ்வரி 1937இல்தான் ஒழிந்தது. பிடித்துச் செல்லப்படுவோர் ஒரு கூட்டம், பிடிப்பவரைத் தேர்ந்தெடுப்போர் மற்றொரு கூட்டம் என்று ஆயிற்று.

இதன் விளைவை விளக்க ஒரு மனிதரின் வரலாறு போதும். புளோரிடாவின் லேக் மாவட்டத்தில் 1944இல் ஷெரிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வில்லிஸ் மக்கால். 1949இல் குரோவ்லாந்து என்னும் ஊரில் கறுப்பின இளைஞர் நால்வர் மீது பொய்யான பாலியல் குற்றச்சாட்டு எழுந்தது. ஒருவர் தேடுதல் வேட்டையிலேயே கொல்லப்பட்டார். மற்ற மூவர் தண்டிக்கப்பட்டனர். இருவர்க்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 1951இல் நாட்டின் தலைமை நீதிமன்றம் தள்ளி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அவ்விருவரையும் ஒரே விலங்கில் பிணைத்துத் தம் காரில் ஏற்றிச் சென்ற மக்கால், நடுவழியில் இருவரையும் சுட்டார். சாமுவேல் ஷெபர்டு இறந்தார். வால்டர் இர்வின் பிழைத்து, நடந்ததை உலகுக்குச் சொன்னார். தப்பியோட முயன்றனர் என்பது ஷெரிப்பின் விளக்கம். அவர் தண்டிக்கப்படவில்லை. அது மட்டுமன்று, அதன் பின்னும் தேர்தல்தோறும் வென்றார். தொடர்ந்து ஏழு முறை வெற்றி பெற்று 1972 வரையில் பதவியில் இருந்தார். குரோவ்லாந்து நால்வரும் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 2021ஆம் ஆண்டில். அப்போது அவர்களுள் ஒருவரும் உயிருடன் இல்லை.

ஆக, வாக்குப்பெட்டி தானாக நீதி வழங்குவதில்லை. பெட்டியில் வாக்கிடுவோர் விரும்பியதையே அது வழங்கும்.

ஒரே ஆண்டு, இரு திசைகள்

டேட் மாவட்டத்தின் குறை வேறு வகையானது. அங்கே பிணி, பணம். மயாமிக் கடற்கரை செல்வர்கள் பொழுதுபோக்கும் இடமாக வளர்ந்தபோது சூதாட்டமும் வளர்ந்தது. 1950இல் செனட்டர் எஸ்டஸ் கீபாவர் தலைமையில் குற்றக் கும்பல்களை ஆராய்ந்த குழு மயாமிக்கு வந்து சாட்சிகளை விசாரித்தது. சூதாட்டம் வெளிப்படையாக நடந்த காலத்தில் டேட் மாவட்ட ஷெரிப்பின் செல்வம் பெருகியது எப்படி என்ற கேள்வி நாடறிய எழுந்தது. ஆளுநர் அவரைத் தற்காலிகமாக விலக்கினார். மறு ஆண்டே மீண்டும் பதவியில் அமர்த்தினார். இவ்வளவையும் கண்டிருந்த மக்கள், பழைய அமைப்பையே ஐயுறத் தொடங்கியதில் வியப்பில்லை.

1956இல் புளோரிடா மக்கள் டேட் மாவட்டத்திற்குத் தன்னாட்சி உரிமை தரும் அரசமைப்புத் திருத்தத்தை ஏற்றனர். 1957ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் டேட் மக்கள் தங்கள் சாசனத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றினர். வெற்றி தோல்விக்கு இடையே இருந்த வேறுபாடு இரண்டாயிரம் வாக்குகளுக்கும் குறைவே. பெருநகர் ஆட்சி ஒன்று உருவாகி, காவல் பணி பொதுப் பாதுகாப்புத் துறை என்ற பெயரில் அதன் கீழ் வந்தது. ஆயினும் ஷெரிப் என்பவர் மக்களுக்குக் கட்டுப்பட்டவரா, பெருநகர் ஆட்சிக்குக் கட்டுப்பட்டவரா என்ற பூசல் ஓயவில்லை. ஒன்பது ஆண்டுகள் அது நீடித்தது.

1966இல் கிராண்ட் ஜூரி என்னும் குடிமக்கள் விசாரணைக் குழு ஷெரிப் அலுவலகத்தின் ஊழலை ஆராய்ந்தது. அவ்வாண்டு நவம்பர் வாக்கெடுப்பில் டேட் மக்கள், தேர்ந்தெடுக்கப்படும் ஷெரிப் பதவியே வேண்டாம் என்று முடிவு செய்தனர். காவல் தலைவரைப் பெருநகர் ஆட்சி நியமிக்கும் முறை நிலைபெற்றது. பென்சில்வேனியா மாநிலப் போலீசுக்குத் தலைமை வகித்த வில்சன் பர்டி என்பவர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டார். உள்ளூர் அரசியலில் வேர் இல்லாதவர் என்பதே அவருக்குத் தகுதியாயிற்று.

இதே 1966ஆம் ஆண்டில் புளோரிடாவின் வடகோடியில் ஜாக்சன்வில் நகரிலும் ஒரு கிராண்ட் ஜூரி கூடிற்று. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் நகராட்சி அலுவலர்கள். மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜாக்சன்வில் நகரையும் டுவால் மாவட்டத்தையும் ஒன்றாக்கும் திட்டம் வாக்குக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மக்கள் அதனை ஏற்றனர். 1968 அக்டோபர் முதல் நாள் முதற்கொண்டு நகரப் போலீஸ் மறைந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரிப்பின் அலுவலகத்தில் கலந்தது.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மாநிலம், ஒரே காலம், ஊழலை வெளிப்படுத்திய கருவியும் ஒன்றே. தெற்கே மக்கள் ஷெரிப்பை ஒழித்து நியமன முறையை நாடினர். வடக்கே நகரப் போலீசை ஒழித்து ஷெரிப்பை நாடினர். இரண்டில் எது உயர்ந்தது என்று தத்துவம் ஆராய்ந்து எவரும் வாக்களிக்கவில்லை. தம் வீட்டுக் கதவின் பூட்டு உடைந்ததைக் கண்டவர்கள், அடுத்த வீட்டில் தொங்கும் வேறுவகைப் பூட்டை வாங்கி மாட்டினார்கள்.

நியமனமும் காக்கவில்லை

டேட் மக்கள் வாங்கிய புதுப் பூட்டின் வலிமை பதின்மூன்று ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது. 1979 டிசம்பரில் ஆர்தர் மக்டபி என்னும் கறுப்பினத்தவர், மோட்டார் சைக்கிளில் சென்றபோது மாவட்டப் போலீசாரால் துரத்தப்பட்டார். அவர் 33 வயதினர், காப்புறுதி முகவர். பிடிபட்டபின் அவரைத் தலையில் அடித்தனர். நான்கு நாளில் அவர் இறந்தார். வண்டி மோதி விழுந்தார் என்று அதிகாரிகள் அறிக்கை எழுதினர். மருத்துவச் சோதனை அதனைப் பொய்யாக்கிற்று. வழக்கு தம்பா நகருக்கு மாற்றப்பட்டு, வெள்ளையர் அறுவர் கொண்ட ஜூரியின் முன் நடந்தது. 1980 மே 17ஆம் நாள் குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரிகள் விடுவிக்கப்பட்டனர். அன்று மாலையே மயாமியில் கலவரம் மூண்டு 18 உயிர்கள் பலியாயின.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்து டேட் காவல் துறை அரசியல் கலப்பற்ற தொழில்முறைத் துறை என்று பெயரெடுத்தது. தேர்தல் இல்லை, சூதாட்டக்காரரிடம் நிதி திரட்டும் தேவையும் இல்லை. பணத்தால் வந்த நோய்க்கு நியமன முறை மருந்தாயிற்று. நிறவெறியால் வந்த நோயை அது தொடவே இல்லை. கலவரத்திற்குப் பின் அதே 1980ஆம் ஆண்டில், போலீசின் மீது வரும் முறையீடுகளை ஆராயப் பொதுமக்கள் அடங்கிய தனிக்குழு ஒன்றை மாவட்டம் அமைத்தது. தேர்தல், நியமனம் என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒரு கண்காணிப்பு தேவை என்பதை அத்துணை உயிர்ப்பலிக்குப் பின்னரே அம்மாவட்டம் உணர்ந்தது.

மும்முறை மாறிய மாவட்டம்

நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது கிங் மாவட்டம். சியாட்டில் நகர் இதன் தலைநகர். 1968இல் இம்மாவட்ட மக்கள் தன்னாட்சிச் சாசனத்தை வாக்களித்து ஏற்றனர். 1969இல் அது நடைமுறைக்கு வந்தது. ஷெரிப் அலுவலகம் பொதுப் பாதுகாப்புத் துறையாக மாறிற்று; தலைவர் நியமிக்கப்படுபவர் ஆனார். டேட் மாவட்டம் சென்ற அதே வழி.

1996இல் கிங் மாவட்ட மக்கள் மீண்டும் வாக்களித்து, ஷெரிப்பைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறைக்குத் திரும்பினர். 1997இல் டேவ் ரைக்கர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். பசுமை ஆற்றுக் கொலைகள் என்று பெயர்பெற்ற தொடர்கொலை வழக்கில் துப்பறிந்தவர் அவர். 2001இல் கொலைகாரன் பிடிபட்டு, 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டபோது ரைக்கர்ட்டின் புகழ் ஓங்கியது. அடுத்த ஆண்டில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று வென்று, 2005 தொடக்கத்தில் அங்குச் சென்றார். காவல் பணியும் அரசியல் வாழ்வும் தேர்தல் முறையில் எவ்வளவு எளிதாகப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது மாற்றம் 2020 நவம்பரில் வந்தது. சாசனத்தை ஆராயும் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து இரு திருத்தங்கள் வாக்குக்கு விடப்பட்டன. ஷெரிப்பை மாவட்ட ஆட்சித் தலைவர் நியமித்து மன்றம் உறுதி செய்ய வேண்டும் என்பது ஒன்று. ஷெரிப்பின் கடமைகளை வரையறுக்கும் உரிமை மன்றத்துக்கு உண்டு என்பது மற்றொன்று. இரண்டும் வென்றன. 2022 முதல் பாட்டி கோல்-டிண்டல் அப்பதவியை ஏற்றார். ஷெரிப் என்ற பெயர் நின்றது, தேர்தல் மறைந்தது.

ஆதரித்தோர் கூறியது: தேர்தலில் நிற்போர் சிலரே, நியமனமாயின் நாடெங்கும் தேடித் தக்காரைக் கொணரலாம், தவறு செய்வோரை நான்காண்டு காத்திராமல் நீக்கலாம். 2017இல் கையில் பேனா ஒன்று மட்டும் வைத்திருந்த 20 வயது மாணவர் ஒருவர் ஷெரிப்பின் துணை அலுவலரால் சுட்டுக் கொல்லப்பட்டது அம்மாவட்டத்தின் நினைவில் இருந்தது. எதிர்த்தோர் கூறியது: மக்கள் கையிலிருந்த உரிமையை ஒரு தனி மனிதர் கையில் கொடுப்பது முறையோ?

இவ்வாதங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த ஓர் உண்மை உண்டு. சியாட்டில் நகருக்குத் தனிப் போலீஸ் துறை உள்ளது. ஷெரிப் அலுவலகம் காப்பது நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளையும், கட்டணம் கொடுத்து அதன் சேவையைப் பெறும் சில சிறு நகரங்களையும். ஆனால் வாக்களித்தவர்கள் மாவட்டத்தினர் அனைவரும். அவர்களில் சியாட்டில் மக்கள் பெருந்தொகையினர். ஷெரிப்பின் வண்டி தம் தெருவில் ஓடாதவர்களும், நாள்தோறும் அவ்வண்டியைக் காண்பவர்களும் ஒரே மதிப்புள்ள வாக்கைப் பெற்றிருந்தனர். யார் ஆள்வது என்ற வினாவுக்கு முன், யார் வாக்களிப்பது என்ற வினா நிற்கிறது என்பதை இது நன்கு காட்டுகிறது.

நடவாத வாக்கெடுப்பு

அந்த முன்வினா ஒரு வாக்கெடுப்பையே நிறுத்திவிட்ட வரலாறு ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள கிளின் மாவட்டத்தில் ஷெரிப்பும் உண்டு, மாவட்டப் போலீசும் உண்டு. ஷெரிப் சிறையையும் நீதிமன்றத்தையும் பார்ப்பார். ரோந்தும் துப்பும் ஆணையர் குழுவின் கீழுள்ள போலீசின் பணி.

2020 பிப்ரவரி 23ஆம் நாள் அமாட் ஆர்பெரி என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர் அம்மாவட்டத்தில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, வெள்ளையர் மூவர் வண்டிகளில் துரத்தினர். ஒருவர் சுட்டுக் கொன்றார். துரத்தியவருள் ஒருவர் முன்னர் அதே மாவட்டப் போலீசில் பணிபுரிந்தவர். சம்பவ இடத்துக்கு வந்த போலீசார் எவரையும் கைது செய்யவில்லை. காட்சிப்படம் வெளியாகி நாடே கொதித்த பின், மாநிலப் புலனாய்வுத் துறை தலையிட்டு முதற் கைதுகளைச் செய்தது. அப்போது 74 நாட்கள் கழிந்திருந்தன. மூவரும் 2021 நவம்பரில் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

அம்மாவட்டப் போலீசின் பெயர் அதற்கு முன்பே கெட்டிருந்தது. கொலை நடந்த நான்காம் நாள், அதனோடு தொடர்பில்லாத வேறு முறைகேட்டு வழக்கில் போலீஸ் தலைவர் மீதே குற்றச்சாட்டுப் பதிவாயிற்று. எனவே 2020இல் ஜார்ஜியா சட்டமன்றம், மாவட்டப் போலீசைக் கலைத்து அதன் பணியை ஷெரிப்பிடம் ஒப்படைக்கலாமா என்று கிளின் மக்களையே கேட்கும் வகையில் சட்டம் இயற்றியது. நவம்பர்த் தேர்தலோடு வாக்கெடுப்பு நடப்பதாக இருந்தது.

மாவட்ட ஆட்சியினர் வழக்குத் தொடுத்தனர். போலீசை வைத்திருப்பதும் கலைப்பதும் மாவட்டத்தின் தன்னாட்சி உரிமை. மாநிலம் அதில் கை வைக்கலாகாது என்பது அவர்கள் வாதம். செப்டம்பரில் நீதிபதி அவ்வாதத்தை ஏற்று, சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டு வாக்கெடுப்பு நடைபெறவில்லை. மக்களைக் கேட்க வேண்டும் என்று மாநிலம் சொல்ல, கேட்கலாகாது என்று மக்களின் உள்ளூர்ப் பிரதிநிதிகள் தடுத்தது வேடிக்கையான காட்சி. எனினும் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கேள்வி கேட்கும் உரிமை எவருக்கு உண்டோ, அவருக்கு விடையின் மீதும் பாதி உரிமை உண்டு என்பதை அரசியல் அறிந்தோர் அறிவர்.

மயாமிக்கு ஷெரிப் திரும்பிய வழி

இப்போது மயாமி-டேட் மாவட்டத்தின் கதை நிறைவு பெறும். புளோரிடாவில் இருபதாண்டுக்கு ஒரு முறை 37 உறுப்பினர் கொண்ட அரசமைப்புச் சீராய்வுக் குழு கூடும். 2018இல் அக்குழு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஷெரிப் தேர்தல் வழியே வர வேண்டும், எந்தச் சாசனமும் அதை ஒழிக்கலாகாது என்று ஒரு திருத்தத்தை வாக்குக்கு வைத்தது. பத்தாம் எண் கொண்ட அத்திருத்தத்தில் வேறு பொருள்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன: சட்டமன்றக் கூட்டத் தொடரின் தேதி, முன்னாள் படைவீரர் நலத்துறை, பயங்கரவாத எதிர்ப்பு அலுவலகம் ஆகியவை. தனித்தனியே வாக்களிக்க வழியில்லை. மூட்டையாகத்தான் ஏற்கலாம், மூட்டையாகத்தான் மறுக்கலாம்.

திருத்தம் நிறைவேற 60 விழுக்காடு வேண்டும். ஏறத்தாழ 63 விழுக்காடு கிடைத்தது. மாநிலத்தின் 67 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரிப் இல்லாதது மயாமி-டேட் ஒன்றே. மற்ற 66 மாவட்டத்து வாக்காளருக்குத் தங்கள் ஊரில் ஏற்கெனவே இருப்பதை உறுதி செய்யும் வாக்கு அது. மயாமி-டேட் வாக்காளருக்கோ 1966இல் தம் முன்னோர் செய்த முடிவைக் கலைக்கும் வாக்கு. அன்று ஒழித்தது மாவட்டம். இன்று மீட்டது மாநிலம்.

2024 நவம்பரில் கட்சிச் சின்னங்களோடு ஷெரிப் தேர்தல் நடந்தது. காவல் துறையில் நெடுநாள் பணிபுரிந்த கோர்டெரோ-ஸ்டட்ஸ் குடியரசுக் கட்சியின் சார்பில் வென்றார். மாவட்ட மேயருக்கு இனி அவர் மீது கட்டளை அதிகாரம் இல்லை. அப்படியாயின் அவரை விலக்க எவரும் இலரோ எனின், உளர். புளோரிடா அரசமைப்பின்படி மாவட்ட அலுவலரைத் தற்காலிகமாக விலக்கும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. மாநிலச் செனட் சபை அதனை உறுதி செய்யலாம். பக்கத்து மாவட்டமான பிரவர்டின் ஷெரிப், பார்க்லாந்து பள்ளிப் படுகொலையில் கடமை தவறியதாகக் கூறி 2019 ஜனவரியில் ஆளுநரால் விலக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் செனட் அதை உறுதி செய்தது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிரவர்டு மக்கள், நீக்கியது மாநிலம். மேலும் 2024இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் ஒன்று, போலீசின் மீது வரும் முறையீடுகளை விசாரிக்கும் உள்ளூர்க் குடிமக்கள் குழுக்களுக்குத் தடை போட்டது. 1980இன் கலவரத்திலிருந்து மயாமி கற்ற பாடத்தின் கதவும் இவ்வாறு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது.

மக்களுக்கு ஒரு வாக்கு கூடியிருக்கிறது என்பது மெய். அதனுடன், மாவட்டத்தின் கையிலிருந்த கடிவாளம் மாநிலத்தின் கைக்கு மாறியிருக்கிறது என்பதும் மெய். முதலாவதை மட்டும் சொல்வோர் பாதி வரலாற்றையே சொல்கின்றனர்.

வரலாறு காட்டுவது

எழுபது ஆண்டு நிகழ்ச்சிகளைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் தெளிவாகும். ஷெரிப் முறையையோ மாவட்டப் போலீசையோ மக்கள் மாற்றிய காலங்களிலெல்லாம், அதற்கு முன் ஒரு பெருந்தவறு அல்லது நெடுநாள் மனக்குறை இருந்தது. தேர்தல் முறை தவறு செய்தவரைத் தண்டிக்க வல்லது; ஆனால் நான்காண்டுக்கு ஒரு நாள் மட்டுமே வல்லது; வாக்காளர் பெரும்பான்மை தவறு செய்பவரை விரும்பினால் அந்த ஒரு நாளும் பயனற்றது. லேக் மாவட்டம் அதற்குச் சான்று. நியமன முறை தவறு செய்தவரை மறுநாளே நீக்க வல்லது. ஆனால் நீக்க விரும்பும் ஒருவர் மேலே இருந்தால்தான் வல்லது. கிளின் மாவட்டத்தின் 74 நாட்கள் அதற்குச் சான்று.

எனவே இவ்வாக்கெடுப்புகளில் வாக்காளரின் முன் வைக்கப்படும் வினா, பெயர்ப்பலகையில் எதை எழுதுவது என்பதைப் போலத் தோன்றினாலும், உண்மையில் வேறு. நள்ளிரவில் ஒரு குடிமகன் காவலரால் தாக்கப்பட்டால், மறுநாள் காலையில் அவன் தாய் எந்த அலுவலகத்தின் படி ஏறுவாள்? அங்கிருப்பவருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டா? அவர் விசாரிக்க மறுத்தால் அவரைக் கேட்கும் உரிமை அத்தாயின் ஊரார்க்கு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தரும் வாக்கே பயன் தரும் வாக்கு. டேட் மாவட்டத்தார் 1966இல் ஒரு பாதியை விடையாக எழுதினர். 1980க்குப் பின் மறு பாதியை எழுத முயன்றனர். 2025இல் புதிய ஷெரிப்பின் கையில் ஒப்படைக்கப்பட்டது அலுவலகம் மட்டுமன்று. இன்னும் எழுதி முடியாத அந்த விடையும் ஆகும்.